சிறுமலை அடிவாரம் கண்ட தாயுள்ளம்

படித்து உத்தியோகம் பார்த்து, உடன்பிறந்தார் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக எண்ணி ஆளாக்கிய ஓர் அத்தை நம் குடும்பங்கள் பலவற்றில் இருந்திருப்பார். நம் வட்டாரம் முழுமைக்கும் அவ்வாறு வாய்த்தவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார். இம்மலரில் அவரை நன்றியுடன் நினைவுகூர விழைகிறோம்.

தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாக 1904இல் பிறந்த அவர், இளமையிலேயே மணமுடிக்கப்பட்டார். மருத்துவரான கணவர் 1925இல் காலமானார். கைம்பெண்ணை வீட்டு மூலையில் முடக்கிய காலம் அது. அவரோ படிக்கப் புறப்பட்டார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் டாக்டரானார். 1940இல் காந்தியடிகளின் ஆசியுடன் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார்.

அவர் நினைத்திருந்தால் பட்டணத்தில் வசதியாகத் தொழில் நடத்தியிருக்கலாம். ஆனால் 1947இல் தம்பதியர் இருவரும் சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லம் அமைந்தது. அங்கு எழுந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி, மத்திய துணைக் கல்வி அமைச்சராகவும் விளங்கினார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1984இல், 80ஆம் வயதில் மறைந்தார்.

இளம் விதவை ஒருத்தி படித்ததால், நம் சுற்றுப்புறக் கிராமங்களில் எத்தனையோ தாய்மாரும் சேய்களும் பிழைத்தனர். நம் வீட்டுப் பெண்மக்களின் படிப்பு குறித்து முடிவெடுக்கும் வேளையில் இதனை நினைவிற்கொள்வோமாக!