கருணைக் கொலை வேறு, சிகிச்சையை நிறுத்துவது வேறு

வட்டக்கோட்டை, அஞ்சுகிராமம் பகுதிகளிலிருந்து நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லும் குடும்பத்தாரிடம், “இனி வென்டிலேட்டரால் பலனில்லை, எடுத்துவிடலாமா?” என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. சம்மதித்தால் கொலைப் பாவம் சேருமோ என்று பலர் கலங்குகிறார்கள். இதில் இரண்டு செயல்களை நாம் பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது, மருந்து கொடுத்து உயிரைப் போக்குவது. நெதர்லாந்தில் 2002 முதல் நோயாளி கேட்டால் மருத்துவரே ஊசி போடலாம். பின்னர் அதை ஆய்வுக் குழு பரிசீலிக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்குள் மரணம் என்று இரு மருத்துவர்கள் உறுதிசெய்த நோயாளி, அவர்கள் எழுதித் தரும் மருந்தைத் தாமே உட்கொள்ள வேண்டும். கனடாவும் 2016இல் சட்டம் இயற்றியது. இந்தியாவிலும், நம்மவர்கள் வாழும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இது குற்றம். மார்க்கத்தில் ஹராம்.

இரண்டாவது, பலனற்ற சிகிச்சையை நிறுத்துவது. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம் இதைக் கொள்கையளவில் ஏற்றது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது.

அதன்படி, வயதுவந்தவர் நல்ல சுயநினைவுடன் இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதி, தமக்காக முடிவெடுக்கும் உறவினரைக் குறிப்பிட்டு, இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெறலாம். வேளை வரும்போது மருத்துவமனையின் மூவர் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது மூவர் குழுவும் ஒப்ப வேண்டும். ஆவணம் இல்லையென்றாலும் இதே குழுக்கள் உண்டு. நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். நிறுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். குழுக்கள் மறுத்தால் உயர்நீதிமன்றத்தை நாடலாம்.

மார்க்க நிலை என்ன? மூளையின் இயக்கம் அனைத்தும் மீளாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவிகளை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. ஆனால் மூளைச்சாவும் நீண்டகால நினைவிழப்பும் ஒன்றல்ல. நினைவிழந்தவருக்கு உணவையும் தண்ணீரையும் நிறுத்துவதை ஆலிம்கள் பலர் ஏற்பதில்லை.

எனவே கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இது மூளைச்சாவா, எதை நிறுத்தப்போகிறீர்கள், இரு குழுக்களும் பார்த்தாயிற்றா? அந்தப் பதிலுடன் உங்கள் ஆலிமை அணுகுங்கள். அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் தருவானாக!