கடன் அட்டையின் செலவைச் சுமப்பவர்கள்

அமெரிக்காவில் 100 டாலருக்கு மளிகை வாங்குபவர் ரொக்கம் கொடுத்தாலும் கடன் அட்டையை நீட்டினாலும் ரசீதில் பெரும்பாலும் ஒரே தொகைதான் இருக்கும். கடைக்காரருக்கு வந்து சேர்வதோ ஒரே தொகையன்று. அட்டை வணிகத்தில் இரண்டு டாலரை ஒட்டிய தொகை கட்டணமாகக் கழிகிறது. அதில் பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குப் போய், ஒரு பகுதி வெகுமதிப் புள்ளிகளாக அட்டைதாரரிடம் திரும்புகிறது. ரொக்கமா அட்டையா என்ற விவாதம் தனிமனிதரின் சிக்கனத்தைச் சுற்றியே நடந்துவருகிறது. அதனினும் முதன்மையான கேள்வி, இக்கட்டணம் யார் பணத்திலிருந்து போகிறது என்பது.

சிக்கன வாதத்துக்கும் ஆதாரம் உண்டு. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஐ.டி. மேலாண்மை மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிச் சீட்டுகளை மூடிய ஏலத்தில் விட்டார்கள். அட்டையில் செலுத்தச் சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இம்முடிவை அப்படியே பாலுக்கும் ரொட்டிக்கும் பொருத்த முடியாது. அரிய போட்டிச் சீட்டின் மதிப்பு அவரவர் மனத்தில் இருக்கிறது. பாலின் விலை அடுக்கிலேயே ஒட்டியிருக்கிறது. அன்றாடக் கொள்முதலில் அட்டையால் மாறக்கூடியது விலையன்று, கூடையில் சேரும் பொருள்களின் அளவு.

மாதந்தோறும் நிலுவையை முழுதாகக் கட்டுபவருக்கு அட்டை வட்டியில்லாக் கடன். பாக்கி வைப்பவருக்குச் சலுகைக் காலம் பொதுவாக அற்றுப்போய், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எவ்வளவு காலமாகும் என்பதை மாதக் கணக்கறிக்கையில் அச்சிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளைப் பணித்தது. கடனாளிக்கு அவர் கொடுக்கும் விலை இவ்வாறு காட்டப்படுகிறது. ரொக்கம் கொடுப்பவருக்கு எதுவும் காட்டப்படுவதில்லை.

அவரும் கொடுக்கவே செய்கிறார். கட்டணத்தை ஈடுகட்டக் கடைக்காரர் பொருள்களின் விலையைச் சற்று உயர்த்துகிறார். அவ்வுயர்வு எல்லோருக்கும் பொது, புள்ளிகளோ ஒரு சாராருக்கு மட்டும். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் செய்த மதிப்பீட்டின்படி, ரொக்கம் பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலர் இழந்தது. அட்டைக் குடும்பம் 1,133 டாலர் பெற்றது. கடன் வரலாறு நன்றாக உள்ளவர்களுக்கே தாராளமான வெகுமதி அட்டைகள் கிடைப்பதால், ஏழை வீட்டிலிருந்து வசதியான வீட்டுக்குப் பணம் நகர்கிறது. இது அநீதி, சிறு தொகைகளாகப் பிரிந்திருப்பதால் கண்ணில் படாத அநீதி.

ரொக்கத்துக்கும் செலவு இல்லாமலில்லை. எண்ண வேண்டும், காக்க வேண்டும், வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்குபவர் பக்கத்திலும், தொலைந்த நோட்டு தொலைந்ததுதான். திருடுபோன கடன் அட்டையிலோ உடையவரின் பொறுப்பு சட்டப்படி 50 டாலரைத் தாண்டாது. எனவே அட்டையை ஒதுக்குவது தீர்வாகாது. கடைகள் ரொக்கத்தை ஏற்கவேண்டும் என்று பிலடெல்பியா 2019இல் கொண்டுவந்த விதியும் பாதி வழிதான்: ஏழையைக் கடைக்குள் விடுகிறது, அவர் கொடுக்கும் விலையைத் தொடுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல், அட்டை வழங்கிய வங்கிக்குப் போகும் கடன் அட்டைப் பரிமாற்றக் கட்டணத்துக்கு 0.3 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. இக்கட்டணத்துக்கு வரம்பு கொண்டுவந்த அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டர்பின் சட்டத் திருத்தம் டெபிட் அட்டையோடு நின்றுவிட்டது. ஆயினும் ரொக்கத்துக்குத் தள்ளுபடி தர அந்நாட்டுச் சட்டம் 1974 முதலே இடமளிக்கிறது. பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் இரு விலைகளும் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. மளிகைக் கடைகளும் அவ்வாறு எழுதத் தொடங்கினால், புள்ளிகளுக்கான செலவை அவற்றைப் பெறுபவரே ஏற்பார்.