இருமுறை எரிந்த ஏடுகள்

ஒரு நூலிலே பிழை இருக்குமானால் அதனை எவ்வாறு களைவது? பிழை இதுவென எடுத்துக்காட்டி மறுப்பது ஒரு வழி. நூலையே நெருப்பிலிடுவது மற்றொரு வழி. இவ்விரண்டையும் தம் வாழ்நாளிலேயே கண்டவர் வில்ஹெல்ம் ரைக் என்னும் உளப்பகுப்பு அறிஞர்.

ரைக் 1897ஆம் ஆண்டில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த கலீசியாவில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றிய பின் வியன்னாவில் மருத்துவம் பயின்றார். மாணவராயிருந்தபோதே, 1920இல், பிராய்டு தலைமை வகித்த உளப்பகுப்புக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

நோயாளி கூறும் சொற்களையும் கனவுகளையும் மருத்துவர்கள் ஆராய்ந்துவந்த காலம் அது. நோயாளி என்ன சொல்கிறார் என்பதோடு, எவ்வாறு சொல்கிறார் என்பதையும் நோக்கவேண்டும் என்றார் ரைக். இறுகிய தாடை, அடக்கிய மூச்சு, மாறாத புன்னகை, அளவு கடந்த பணிவு ஆகிய யாவும், அச்சத்தினின்றும் துன்பத்தினின்றும் தன்னைக் காத்துக்கொள்ள மனம் இளமையிலே பூண்ட கவசம் என்பது அவர் கொள்கை. 1933இல் வெளிவந்த ‘குணப் பகுப்பாய்வு’ என்ற நூலில் இதனை விரித்துரைத்தார்.

அவ்வாண்டிலேயே, பாசிசத்தின் உளவியலைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். வறுமையில் வாடும் மக்கள், தம்மை ஒடுக்கும் சர்வாதிகாரியையே விரும்பிப் பின்பற்றுவது ஏன்? வீட்டிலே அஞ்சிக் கீழ்ப்படியப் பழகிய குழந்தை, வளர்ந்தபின் நாட்டிலும் அவ்வாறே நடக்கும் என்பது அவர் கண்ட விடை. அவருடைய போக்கு எத்தரப்பினருக்கும் உவப்பாக இல்லை. பொதுவுடைமைக் கட்சி 1933இலும், அனைத்துலக உளப்பகுப்புச் சங்கம் 1934இலும் அவரை விலக்கின. நாஜி ஆட்சி அவர் நூல்களைத் தடைசெய்து எரித்தது.

நார்வேயில் சில ஆண்டுகள் தங்கிய ரைக், 1939இல் அமெரிக்கா சென்றார். அங்கே அவர் சிந்தனை வேறு திசையில் திரும்பியது. உலகெங்கும் ‘ஆர்கோன்’ என்னும் உயிராற்றல் நிறைந்துள்ளது என்றும், மரமும் உலோகமும் அடுக்கிச் செய்த பெட்டியினுள் அமர்ந்தால் அது உடலிற் சேரும் என்றும் கூறினார். 1941இல் ஐன்ஸ்டைன் அத்தகைய கருவியொன்றைச் சோதித்தார். அதன் மேற்புறத்தில் வெப்பம் சற்று மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும், அறையிலுள்ள காற்றின் இயக்கமே அதற்குக் காரணம் எனக் கடிதம் எழுதினார். ரைக் அதனை ஏற்கவில்லை. பிறருடைய கவசங்களைக் கண்டவர் தம் கவசத்தைக் கண்டாரில்லை!

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. அறிவியல் உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது என்று கூறி, ரைக் ஆஜராக மறுத்தார். 1954இல் பெட்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. நோயாளிகளைப் பொய்ந்நம்பிக்கையினின்று காப்பது அரசின் கடமையாதலின், அத்தடையில் நியாயம் உண்டு. ஆனால், 1956இல் அவருடைய நூல்களும் நியூயார்க்கில் டன் கணக்கில் எரிக்கப்பட்டன. தடையை மீறியதற்காக ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ரைக், 1957 நவம்பரில் சிறையிலேயே மாண்டார்.

எரிந்த நூல்கள் பின்னர் மீண்டும் அச்சேறின. அவருடைய நற்கருத்துகளையும் நெருப்பு அழிக்கவில்லை, பிழைகளையும் அழிக்கவில்லை. மாணவ நண்பர்களே, ஆர்கோன் கொள்கையின் குறையைக் காட்டியது ஐன்ஸ்டைனின் பொறுமையான சோதனையே. ஒரு வெப்பமானியும் ஒரு கடிதமும் செய்த பணியை, எத்தனை டன் நெருப்பாலும் செய்ய இயலாது.