தானியங்கி ஹார்மனி: வீட்டு ஆர்கனிலிருந்து அரேஞ்சர் கீபோர்டு வரை

அரேஞ்சர் கீபோர்டில் வலது கை ஒற்றை நோட்டில் மெட்டை வாசிக்க, அதன் கீழே ஒன்றிரண்டு துணைக் குரல்களைக் கருவியே சேர்த்துக்கொள்ளும் வசதிதான் தானியங்கி ஹார்மனி. யமாஹா கருவிகளில் இது ‘ஹார்மனி/எக்கோ’, கோர்கில் ‘என்செம்பிள்’, ரோலண்டில் ‘மெலடி இன்டெலிஜென்ஸ்’, டெக்னிக்ஸில் ‘டெக்னிகார்ட்’. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: இடது கை பிடித்திருக்கும் கார்டைப் பார்த்து, வலது கை நோட்டுக்கு ஏற்ற சுரங்களைக் கருவி பொறுக்கித் தருகிறது. இந்த வசதியின் குறைகளைப் பலரும் மென்பொருளின் குறைகளாகவே எண்ணுகிறார்கள். ஆனால் அவற்றின் வேர் 1950-களின் வீட்டு ஆர்கன்களில் இருக்கிறது.

ஒரு விரலுக்கு ஒரு கார்டு என்ற எண்ணம் இன்னும் பழையது. வியன்னாவில் சிரில் டெமியன் 1829-இல் காப்புரிமை பெற்ற அக்கார்டியனில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக் கார்டே ஒலித்தது. அமெரிக்காவில் சார்லஸ் சிம்மர்மன் 1882-இல் காப்புரிமை பெற்ற ஆட்டோஹார்ப் அதையே தந்திகளில் செய்தது. கார்டில் இல்லாத தந்திகளைக் கட்டை அமுக்கிவிடும், மற்றவை ஒலிக்கும். 1950-இல் வந்த ஹேமண்ட் எஸ்-6 கார்ட் ஆர்கனில் இடது கைக்கு 96 கார்டு பொத்தான்கள் இருந்தன. இந்தக் கருவிகளெல்லாம் பக்கவாத்தியத்தை மட்டுமே எளிதாக்கின. மெட்டை அவை தொடவில்லை.

மெட்டுக்குள் கை வைத்தது சிகாகோவின் லௌரி நிறுவனம். அது 1950-களில் கொண்டுவந்த ‘ஆட்டோமேட்டிக் ஆர்கெஸ்ட்ரா கன்ட்ரோல்’ ஆர்கனின் கீழ்க் கட்டை வரிசையில் பிடித்த கார்டின் சுரங்களை மேல் வரிசையிலும் ஒலிக்கச் செய்தது. மேல் வரிசையில் ஒரு விரல் மெட்டு வாசித்தால் போதும். அந்த நோட்டுக்குக் கீழே ஓர் ஆக்டேவுக்குள் கார்டின் மற்றச் சுரங்கள் நிறைந்துவிடும். அந்த ஓசைக்கு அப்போது நல்ல மதிப்பு இருந்தது. மில்ட் பக்னர் பியானோவில் வளர்த்தெடுத்து, 1949-இல் ஜார்ஜ் ஷியரிங்கின் ஐவர் குழு புகழ்பெறச் செய்த ‘லாக்டு ஹேண்ட்ஸ்’ பாணி அமெரிக்க வீடுகளில் பரவியிருந்த காலம் அது. மெட்டின் ஒவ்வொரு நோட்டோடும் கார்டு முழுவதும் கட்டுண்டு நகர்வது அந்தப் பாணி. பல ஆண்டு பயிற்சி கேட்கும் அந்த ஓசையை ஒரு சுவிட்ச் தந்துவிடும் என்பதே லௌரியின் கவர்ச்சி.

சுவிட்ச் தந்தது அந்தப் பாணியின் பாதியைத்தான். இடது கையில் சி மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சி, டி, இ, எஃப், ஜி என்று ஐந்து நோட்டுகள் ஏறினால் என்ன நடக்கும் என்று பார்த்தாலே இது விளங்கும். கார்டின் சுரங்கள் சி, இ, ஜி. மெட்டு சி-யில் நிற்கும்போது அதற்கு நேர் கீழே இரண்டாம் குரலாக ஜி ஒலிக்கும். மெட்டு டி-க்கு ஏறியதும் இரண்டாம் குரல் சி-க்குத் தாவும். டி-யும் சி-யும் பக்கத்துப் பக்கத்தில் உரசும். இ-க்கு வரும்போது இரண்டாம் குரல் சி-யிலேயே அசையாமல் நிற்கும். எஃப்-இல் அது இ-க்குத் தாவும். எஃப்-உம் இ-யும் அரைச்சுர இடைவெளியில் மோதுவதால் காது கூசும். கடைசி ஜி-க்கும் அதே இ. ஆக, மெட்டு படிப்படியாக ஏற, இரண்டாம் குரல் ‘ஜி, சி, சி, இ, இ’ என்று நொண்டுகிறது. அதே மெட்டுக்குப் பாடத் தெரிந்த ஒருவர் இயல்பாகச் சேர்க்கும் இரண்டாம் குரல் ‘ஏ, பி, சி, டி, இ’. அதுவும் ஒரு மெட்டாகவே நடக்கிறது.

ஷியரிங் பாணியில் வாசிப்பவர் இந்த மோதலை வேறு விதத்தில் தவிர்ப்பார். சி, இ, ஜி ஆகிய நோட்டுகளுக்கு சி சிக்ஸ்த் கார்டு. இடையில் கடந்து செல்லும் டி-க்கும் எஃப்-க்கும் பி டிமினிஷ்டு கார்டு. கைகள் ஒன்றாகவே நகர்ந்தாலும், கீழுள்ள கார்டு நோட்டுக்கு நோட்டு மாறுகிறது. எந்த நோட்டு தங்கும் நோட்டு, எது கடந்து செல்லும் நோட்டு என்று பிரித்தறிவதுதான் இந்தக் கலையின் உயிர். கம்பித் தொடுப்பால் ஆன ஒரு சாதனத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

1980-களில் கம்பிகளின் இடத்துக்குச் சிப்பு வந்தது. 1980-இல் காசியோடோன் 201 சந்தைக்கு வந்தபின் கையடக்கக் கீபோர்டுகள் பெருகின. விரல் முறைகள் இன்னும் எளிதாயின: காசியோவில் ஒரு விரல் வைத்தால் மேஜர், இரண்டு வைத்தால் மைனர், யமாஹாவில் மூல நோட்டோடு அதன் இடப்பக்கக் கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர், வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். அரேஞ்சர்களான ரோலண்ட் இ-20 1988-இலும் கோர்க் ஐ3 1993-இலும் வந்தன. ஹார்மனி வகைகளின் பட்டியலும் நீண்டது: டூயட், ட்ரையோ, கன்ட்ரி, பிளாக், ஃபோர்-வே க்ளோஸ், ஃபோர்-வே ஓபன், ஆக்டேவ். எந்தச் சுரத்தையும் எந்த உயரத்திலும் வைக்கச் சிப்பால் முடியும். ஆனால் அதற்குக் கிடைக்கும் தகவல் லௌரி ஆர்கனுக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை: இந்த நொடியின் கார்டு, இந்த நொடியின் நோட்டு. அடுத்த நோட்டு எது, பாட்டு எந்த ஸ்கேலில் நடக்கிறது என்பவை அதற்குத் தெரியாது.

ஸ்கேல் தெரியாததன் விளைவைத் தமிழ்ச் செவி எளிதில் பிடித்துவிடும். சி-யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால், சங்கராபரணத்துக்கும் அரிகாம்போதிக்கும் சி மேஜர் கார்டு பொதுவானது. இரண்டு ராகங்களும் நிஷாதத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னதில் காகலி நிஷாதம், பின்னதில் கைசிகி நிஷாதம். மெட்டு ரிஷபத்தில் நிற்கும்போது அதற்கு மூன்றாம் சுரம் கீழே நிஷாதம்தான் வரவேண்டும். எந்த நிஷாதம்? கார்டை மட்டும் பார்க்கிற கருவியிடம் இதற்கு விடை கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ராகத்தில் பிழை. நிஷாதத்தையே தவிர்த்துக் கார்டுச் சுரத்தில் போய் நின்றால் முன்சொன்ன உரசல். மைனர் கார்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. ஏ மைனரில் பி-க்குக் கீழே ஜி-யா, ஜி ஷார்ப்பா என்பதைப் பாட்டுதான் சொல்லவேண்டும்.

நேரம் சார்ந்த குறை மேடையில் அதிகம் வெளிப்படும். இடது கை இம்மியளவு பிந்தினாலும் வலது கையின் முதல் நோட்டுக்கு முந்தைய கார்டின் ஹார்மனி ஒட்டிக்கொள்ளும். தாளத்துக்குச் சற்று முன்பே எடுக்கிற மெட்டுகளில், இரு கைகளும் சரியாக வாசித்தாலும் இது நிகழும். நீண்ட நோட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கையில் கார்டு மாறினாலோ இன்னொரு தர்மசங்கடம்: பழைய துணைச்சுரங்களே நின்றால் புதிய கார்டோடு மோதும், அவை மாறிக்கொண்டால், மெட்டு அசையாதபோது நடுவில் திடீர்ச் சலனம் கேட்கும்.

சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இதைவிடப் பெரிய கேட்டைச் செய்கிறது. மெட்டு இ, துணைக்குரல் சி என்று ஒலிக்கும்போது, காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வளைத்து ஏற்றினால் இ எஃப் ஆகும். சி-யும் அதே அளவு ஏறி சி ஷார்ப் ஆகிவிடும். அங்கே வரவேண்டியது டி. கமகம் உள்ள மெட்டுக்குத் தானியங்கி ஹார்மனி பொருந்தாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். இத்துடன், துணைக்குரல்கள் மெட்டின் அதே தொனியில், அதே நொடியில் எழுவதால், பலர் சேர்ந்து வாசிக்கும் உணர்வு வராமல் ஒரே தடித்த ஓசையாகத் திரண்டுவிடும்.

தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரலில் ஞானப்பாடல் பாடும் மரபு நீண்டது. அத்தகைய பாடல்களில் ஏறக்குறைய ஒவ்வோர் அசைக்கும் கார்டு மாறும். ஆல்டோவுக்கும் டெனருக்கும் தனித்தனி வழி உண்டு. அங்கே தானியங்கி ஹார்மனியின் ‘ஃபுல் கார்ட்’ வகையை இயக்கினால், பாடகர் குழு ஒரு பக்கமும் கருவி ஒரு பக்கமும் இழுக்கும். ஹார்மனியைக் கேட்டே வளர்ந்த சபைக்கு இது சிறிய பிழையாகப் படாது.

குரலையே பலவாக்கும் ‘வோக்கல் ஹார்மனி’ 1990-களில் பரவியபோது பழைய குறைகளோடு புதியவையும் சேர்ந்தன. பாடுபவரின் சுருதியைக் கருவி முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். இரு சுரங்களுக்கு இடையே குரல் வழுக்கினால் துணைக்குரல் இங்கும் அங்கும் தத்தளிக்கும். சுருதியே இல்லாத ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் சீறலாகப் பெருகும். யமாஹா கருவிகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘கார்டல்’ முறையில் கார்டைப் பார்த்துக் கருவி முடிவு செய்யும். ‘வோகோடர்’ முறையில் துணைக்குரலின் நோட்டுகளை வாசிப்பவரின் விரலே கட்டையில் தரும். வாசிக்கத் தெரிந்தவரிடம் இரண்டாவது முறையே நல்ல பலன் தருகிறது. குரல்களை நடத்தும் பொறுப்பு அங்கே மனிதரிடம் திரும்பிவிடுவதுதான் காரணம்.

தயாரிப்பாளர்கள் இந்தக் குறைகளை அறியாதவர்கள் அல்ல. யமாஹாவின் பிற்கால அரேஞ்சர்களில் ‘கார்ட் நோட் ஒன்லி’ என்றொரு அமைப்பு உண்டு. மெட்டின் நோட்டு கார்டைச் சேர்ந்ததாக இருந்தால் மட்டும் ஹார்மனி சேரும். கடந்து செல்லும் நோட்டு தனியாக ஒலிக்கும். எஃப்-இ மோதல் இதனால் ஒழிகிறது. விலையாக, துணைக்குரல் விட்டு விட்டு வருகிறது. ‘டச் லிமிட்’ என்ற இன்னோர் அமைப்பில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அழுத்தி வாசித்த நோட்டுகளே ஹார்மனி பெறும். தங்கும் நோட்டு எது என்ற தேர்வை விரலின் அழுத்தத்திடம் ஒப்படைக்கும் இந்த வழி முந்தையதைவிட இசைத்தன்மை உள்ளது. அதற்கு அழுத்தத்தை அடக்கி ஆளும் விரல்கள் வேண்டும்.

தொழில்முறை வாசிப்பாளர்கள் ஹார்மனியை இயக்கவும் நிறுத்தவும் கால் சுவிட்ச் ஒன்றை ஒதுக்கிக்கொள்கிறார்கள். மெட்டு கார்டுச் சுரங்களில் தங்கும் பல்லவியின் முடிவில் அது இயங்கும். வேகமான சுரக்கோவையில் நிற்கும். கார்டைச் சாராமல் நிலையான இடைவெளியில் ஒலிக்கும் ‘ஆக்டேவ்’ வகையை ராகத்துக்கு ஊறின்றி எங்கும் இயக்கலாம். இரண்டாம் குரல் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் அதை வலது கையின் இரு விரல்களால் நேரடியாக வாசிக்கிறார்கள், அல்லது முன்கூட்டியே சீக்வென்சரில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.