சுரங்கச் சாவுகளும் சுரங்கச் சட்டங்களும்

இந்தியாவில் நிலக்கரி வெட்டும் தொழில் 1774இல் வங்காளத்தின் ராணிகஞ்ச் பகுதியில் தொடங்கியது. முதல் சுரங்கச் சட்டம் வந்தது 1901இல். ரயில் பாதைகள் பரவிய பிறகு நிலக்கரித் தேவை மளமளவென்று ஏறியது, சுரங்கங்களும் பெருகின. ஆனால் அவற்றை மேற்பார்க்க அரசு ஆய்வாளர் ஒருவரை நியமித்தது 1894இல்தான். ஜேம்ஸ் கிரண்டி என்னும் அந்த முதல் ஆய்வாளரிடம் அறிவுரை சொல்லும் பொறுப்பு இருந்தது. கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை.

1901 சட்டத்தை வரவழைத்தவை இரண்டு விபத்துகள். 1897இல் கோலார் தங்கவயலில் 52 பேர் இறந்தார்கள். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பிழைக்கப் போன தமிழர்கள் தொழிலாளர்களில் பெரும்பகுதியாக இருந்த வயல் அது. இரண்டே ஆண்டில், 1899இல், பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் மாண்டார்கள். பல ஆண்டுகளாகக் குழுக்களின் மேசையில் கிடந்த வரைவு 1901இல் சட்டமானது. ஆய்வாளர் சுரங்கத்துக்குள் நுழைந்து பார்க்கலாம், விபத்து நடந்தால் உடைமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு அலுவலகம் 1908இல் தன்பாத்துக்கு மாறியது. இன்றைய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் அதன் தொடர்ச்சிதான்.

சாவுக்குப் பின்னால் சட்டம் வருவது பிரிட்டனிலும் நடந்ததுதான். 1862 ஜனவரி 16 அன்று, நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் நடுவில் முறிந்தது. 20 டன்னுக்கும் மேற்பட்ட பாதித் துண்டு செங்குத்துக் குழிக்குள் விழுந்து வழியை அடைத்தது. அந்தச் சுரங்கத்துக்கு இருந்தது அந்த ஒரே குழி. ஆள் இறங்குவதும், கரி ஏறுவதும், காற்று போய் வருவதும் அதன் வழியாகத்தான். இடிபாட்டை அகற்றி உள்ளே போவதற்குள் அடியில் சிக்கியவர்கள் நச்சுவாயுவில் மூச்சடங்கியிருந்தார்கள். மொத்தம் 204 பேர். அவர்களில் சிறுவர்களும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில், எந்தச் சுரங்கத்துக்கும் இரண்டு வாயில்கள் வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பின்னாளில் இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகளிலும் இரண்டு வாயில் விதி ஏறியது. இரண்டாவது குழி தோண்டும் செலவு வீண் என்று அதுவரை உடைமையாளர்கள் வாதாடி வந்தார்கள். ஹார்ட்லிக்குப் பிறகு அந்த வாதம் எடுபடவில்லை.

இந்தியாவில் அடுத்த சட்டம் 1923இல் வந்தது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது, வாரத்தில் ஆறு நாள் வேலை, தரைக்குக் கீழே 54 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அது வரையறுத்தது. ஜரியா, ராணிகஞ்ச் வயல்களில் கணவன் கரி வெட்டுவான், மனைவி கூடையில் சுமப்பாள். பெண்கள் தரைக்குக் கீழே இறங்குவதைப் படிப்படியாக நிறுத்தும் விதி 1929இல் வந்தது. போர்க்காலத்தில் கரி போதவில்லை என்று 1943இல் அந்தத் தடையை அரசே விலக்கியது. 1946இல்தான் மீண்டும் கொண்டுவந்தது. கரித் தேவை முற்றியபோது முதலில் தளர்ந்தது பாதுகாப்பு விதிதான் என்பதை இந்த மூன்று ஆண்டுகள் காட்டுகின்றன.

1936ஆம் ஆண்டு லோயாபாத் சுரங்கத்தில் 35 பேரும், டிசம்பரில் பொய்டி சுரங்க வெடிப்பில் 209 பேரும் இறந்தார்கள். வெட்டும் முறையே இந்தக் கட்டத்தில் விசாரணைக்கு வந்தது. அறை அறையாகக் கரியைக் குடைந்து, கூரையைத் தாங்கக் கரித் தூண்களை நடுவே விட்டுவைப்பது அன்றைய வழக்கம். பிறகு லாபத்துக்காக அந்தத் தூண்களையும் செதுக்கி எடுப்பார்கள். கூரை அமுங்கும், தூண் நொறுங்கும், நொறுங்கிய கரி காற்றுப் பட்டுத் தானே சூடேறிப் பற்றும். ஜரியாவில் 1916 முதல் எரியும் நெருப்பு இன்னும் அணையவில்லை. வெட்டி எடுத்த வெற்றிடத்தில் ஆற்றுமணலை நீரோடு கலந்து குழாய் வழியே இறக்கி நிரப்பினால் கூரை நிற்கும், காற்றும் புகாது. அந்தச் செலவுக்கு நிலக்கரி மீது தீர்வை விதித்து நிதி திரட்டும் சட்டம் 1939இல் நிறைவேறியது. மீட்புப் படை வைத்திருக்க வேண்டும் என்ற விதிகளும் அதே ஆண்டில் வந்தன. தன்பாத்திலும் சீதாராம்பூரிலும் மீட்பு நிலையங்கள் எழுந்தன.

விடுதலைக்குப் பின் 1952இல் புதிய சுரங்கச் சட்டம் வந்தது. ஆனால் அதன் கீழ் விரிவான விதிகள் எழுதி முடிப்பதற்குள் நியூட்டன் சிக்லியில் வெள்ளம் புகுந்து 63 பேர் (1954), அம்லாபாத் வெடிப்பில் 52 பேர் (1955), புர்ரா தேமோவில் மீண்டும் வெள்ளத்தில் 28 பேர் (1956) என்று உயிர்கள் போயின. 1957இன் நிலக்கரிச் சுரங்க விதிகள் இந்தச் சாவுகளின் நிழலில் எழுதப்பட்டவை. விதிகள் வந்த சில மாதங்களிலேயே, 1958 பிப்ரவரியில், சினாகுரியில் வாயு வெடித்து 170க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசும் உடைமையாளர்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய முதல் சுரங்கப் பாதுகாப்பு மாநாடு அந்த ஆண்டே கல்கத்தாவில் கூடியது. 1965இல் தோரி சுரங்கத்தில் 268 பேரைக் கொன்ற வெடிப்பில் கரித்தூள்தான் எமனாக வந்தது. காற்றில் கிளம்பும் கரித்தூள் வாயுவைப் போலவே வெடிக்கும். சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி வைத்தால் தீ பரவாமல் தணியும். எளிய வேலைதான், ஆனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் விடாமல் செய்தால்தான் பயன்.

நெருப்பைக் காட்டிலும் சட்டத்துக்கு அடங்காமல் நின்றது தண்ணீர். கைவிட்ட பழைய குடைவுகளில் மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கிக் குளமாகக் கிடக்கும். அதன் அருகே புதிதாக வெட்டுபவர்களுக்கு நடுவிலுள்ள கரிச்சுவரின் கனம் தெரியாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. 1957 விதிகளின் 127ஆம் விதி இதற்காகவே எழுதப்பட்டது. பழைய குடைவுக்கு 60 மீட்டருக்குள் வெட்ட வேண்டுமானால் முன்அனுமதி வேண்டும். வெட்டும் முகப்பின் நடுவில் ஒரு துளை, இருபக்கமும் துளைகள் போட்டபடி முன்னேற வேண்டும். துளையின் நுனி எப்போதும் ஆட்களுக்குக் குறைந்தது மூன்று மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அந்தத் துளையில் தண்ணீர் கசிந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும்.

இந்த விதி புத்தகத்தில் இருந்த காலத்தில்தான், 1975 டிசம்பர் 27 பிற்பகலில், தன்பாத் மாவட்டத்துச் சாஸ்னாலாவில் மேலே தேங்கியிருந்த பழைய குடைவின் தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு அடித்தளத்துக்குள் பாய்ந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்த 375 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தியச் சுரங்க வரலாற்றின் மிகப்பெரிய விபத்து இதுவே. பம்புகள் வாரக்கணக்கில் இறைத்த பிறகே உடல்களை எடுக்க முடிந்தது. சுரங்கத்துக்குள் இறங்குபவர் விளக்கறையில் எண்ணிட்ட தலைவிளக்கு வாங்கிக்கொண்டு போவார். உருத்தெரியாமல் ஊறிப்போன உடல்களுக்கு அந்த எண்தான் அடையாளம். சுரங்கம் அப்போது ஏற்கெனவே அரசு நிர்வாகத்தில் இருந்தது. தனியார் கையிலிருந்து மாறினாலே பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த விபத்து உடைத்தது. குற்றவியல் வழக்கில் தன்பாத் நீதிமன்றத் தீர்ப்பு வர 2012 ஆகிவிட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இது பெரும் அநீதி.

சாஸ்னாலாவுக்குப் பிறகு சட்டத்தில் ஏற்பட்ட மாற்றம் 1983இன் திருத்தம். சுரங்கத்துக்குச் சுரங்கம் பாதுகாப்புக் குழு அமையவும், தொழிலாளர் தரப்பிலிருந்தே ஆய்வாளர்கள் வரவும் அது வழி செய்தது. முகப்பில் நிற்பவருக்குத்தான் ஈரம் முதலில் தெரியும். அவருடைய சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது முக்கியமான படி.

மீட்புக் கலையும் வளர்ந்தது. 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 71 பேர் சிக்கினார்கள். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், தரையிலிருந்து புதுத் துளை போட்டு, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கான இரும்புக் கூண்டை இறக்கினார். அதில் தாமே கீழே போய், மீதி 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்.

ஆனாலும் 1995இல் கஸ்லிடாண்டில் ஆற்றுவெள்ளம் கரையுடைத்து உள்ளே இறங்கி 64 பேரைக் கொன்றது. 2001இல் பாக்டிகியில் அடுத்த சுரங்கத்தின் தேங்கிய நீர் 29 பேரை விழுங்கியது. துளையையும் கரிச்சுவரையும் கண்காணிக்க வரைபடம் சரியாக இருக்க வேண்டும். தனியார் காலத்தில் வெட்டிவிட்டுப் போன குடைவுகள் பலவற்றுக்கு நம்பத்தக்க வரைபடமே இல்லை. 1957 விதிகளுக்குப் பதிலாக வந்த 2017 விதிகள் ஒவ்வொரு சுரங்கமும் தன் ஆபத்துகளை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாதுகாப்புத் திட்டம் எழுதிவைக்க வேண்டும் என்கின்றன.

சட்டமே எட்டாத சுரங்கங்களும் உண்டு. மேகாலயாவின் எலிவளைபோல் குறுகிய குடைவுகளான ‘எலிவளை’ச் சுரங்கங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை விதித்தது. 2018 டிசம்பர் 13 அன்று கிழக்கு ஜைந்தியா மலையின் க்சானில், தடையை மீறி நடந்த ஒரு சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். உயிரோடு ஒருவரையும் மீட்க முடியவில்லை. மீட்கப் போனவர்கள் கையில் அந்தச் சுரங்கத்தின் வரைபடம்கூட இல்லை. 1952 சட்டத்துக்கும் கனிமச் சட்டங்களுக்கும் உட்பட்டு, உரிய அனுமதி பெற்றே அங்கு இனிக் கரி வெட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.