தூண்டலுணர் நானோ மருந்தேந்திகள்: பினாங்கு ஆய்வுக்களம்

தூண்டலுணர் நானோ மருந்தேந்திகள், மருந்தை உள்ளே பொதிந்து இரத்தத்தோடு சென்று, ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் சந்திக்கும் இடத்தில் மட்டும் அதை வெளிவிடும் துகள்கள். பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ளவை. அமிலத்தன்மை, சூடு, ஒளி, காந்தப் புலம், நொதி என எதுவும் தூண்டலாக அமையலாம். கீமோதெரபி எடுப்பவருக்கு முடி கொட்டுவதும், வாய் வெந்து சோறு இறங்காமல் போவதும், மருந்து நல்ல செல்களையும் சேர்த்துத் தாக்குவதால்தான். அந்த வேதனையைக் குறைப்பது இத்துறையின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

அமிலத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். இரத்தத்தின் பி.எச். அளவு 7.4. புற்றுச் செல்கள் சர்க்கரையைப் பாதியிலேயே உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுவதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். இதனால் பல கட்டிகளைச் சுற்றி பி.எச். 6.5 முதல் 6.8 வரை இறங்கிவிடுகிறது. துகளைச் செல் விழுங்கி அடைத்துவைக்கும் பைகளில் அது 5 அளவுக்கும் போகும். நோய் தானே உண்டாக்கும் இந்தப் புளிப்பைப் பூட்டைத் திறக்கும் சாவியாக்கலாம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இத்துறைக்கு வேண்டிய அறிவு ஒரே பல்கலைக்கழகத்தின் வெவ்வேறு வளாகங்களில் இருக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் புலமும், 2003இல் உருவான மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகமும் தீவில், குளுகோர் வளாகத்தில் உள்ளன. பொருளறிவியல் பொறியாளர்கள் பெருநிலத்தில், நிபோங் திபால் வளாகத்தில் இருக்கிறார்கள். புற்றுநோய் ஆய்வும் சிகிச்சையும் நடக்கும் மருத்துவ நிலையம் கெப்பாளா பத்தாஸ் அருகே, பெர்த்தாமில் இருக்கிறது. மருந்தைத் துகளில் ஏற்றுபவரும் நோயாளியின் கட்டிலருகே நிற்பவரும் ஒரே நிறுவனத்தார் என்பது எளிதில் வாய்க்காத வசதி.

இங்கு ஆய்வாளர்கள் கையாண்டுள்ள பொருள்களில் கைட்டோசான் தனித்துச் சொல்லத் தக்கது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கி, எஞ்சும் கைட்டினை அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் இது கிடைக்கும். வெறுந்தண்ணீரில் கரையாது, காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து ஊற்றினால் கரையும். அந்தக் கரைசலைக் கலக்கியபடியே டிரைபாலிஃபாஸ்பேட் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கண்ணாடிபோல் தெளிந்திருந்தது சட்டென்று கஞ்சித்தெளிவுபோல் மங்குகிறது. நானோ துகள்கள் பிறந்ததற்கு அதுவே அடையாளம். காடியில் கைட்டோசான் கரையக் காரணம், அதன் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுவது. செல்லின் அமிலப் பைக்குள்ளும் அதுவே நடக்கிறது: துகள் உப்பி, பிணைப்புத் தளர்ந்து, மருந்தை விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு அழகாக நடப்பது உடம்புக்குள் எப்போதும் அப்படியே நடப்பதில்லை. சூட்டில் திறக்கும் கொழுப்புக் குமிழிகள் பற்றிய முதல் ஆய்வு 1978இல் வெளிவந்தது. அந்த வழியில் வந்த தெர்மோடாக்ஸ், டாக்ஸோரூபிசின் மருந்தைச் சுமந்து, சுமார் 40 பாகை செல்சியசில் திறப்பது. கல்லீரல் புற்றுநோயாளிகள் 701 பேரிடம் நடந்த சோதனையில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2013இல் தெரிந்தது. கட்டியை நீண்ட நேரம் சூடாக்கியவர்களுக்குப் பலன் இருந்ததுபோல் தோன்றவே, மீண்டும் ஒரு பெருஞ்சோதனை நடத்தினார்கள். 2020இல் அதுவும் கைகொடுக்கவில்லை. தூண்டல் இருந்தால் போதாது, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம் என்ற ஐயத்தை அந்தச் சோதனைகள் எழுப்பின.

இன்னொரு தடை, துகள்கள் கட்டிவரை போய்ச் சேர்வது. பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் தொகுத்த டொராண்டோ பல்கலைக்கழகக் குழு, ஊசியில் ஏற்றிய துகள்களில் இடைநிலைக் கணக்காக 0.7 விழுக்காடே கட்டியை அடைகிறது என்று 2016இல் காட்டியது. ஈரலும் மண்ணீரலும் பெரும்பகுதியை வழியிலேயே வடிகட்டிவிடுகின்றன. 2010இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற நானோதெர்ம் சிகிச்சை இதைத் தவிர்க்க, இரும்பு ஆக்சைடு துகள்களை மூளைக் கட்டிக்குள் நேரே செலுத்தி, மாறும் காந்தப் புலத்தால் சூடாக்கியது.

கைட்டோசானுக்கு மூலப்பொருள் பற்றிய சிக்கலும் உண்டு. ஓட்டுக்கு ஓடு, பதப்படுத்தும் முறைக்கு முறை, அதன் மூலக்கூறு நீளமும் அசெட்டைல் நீங்கிய அளவும் மாறும். அவை மாறினால் துகளின் அளவும், திறக்கும் பி.எச்.சும் மாறும். இந்த மாதம் செய்த துகளும் அடுத்த மாதம் செய்யும் துகளும் ஒன்றே என்று அளந்து காட்டிய பிறகே அதை மனிதருக்கு ஏற்ற முடியும்.