ஆஷ்லி பிரையன்

ஆஷ்லி பிரையன் (1923–2022): அமெரிக்கக் கறுப்பின ஓவியர், சிறுவர் நூலாசிரியர், கதைசொல்லி. ஆன்டிகுவா தீவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பெற்றோருக்கு ஹார்லெமில் பிறந்து, பிராங்க்ஸில் வளர்ந்தார். மழலை வகுப்பில் எழுத்துக்கொரு படம் வரைந்து தானே தைத்த அரிச்சுவடியைத்தான் தன் முதல் புத்தகம் என்று சொல்லிவந்தார்.

பள்ளி முடித்து உதவித்தொகை கேட்டுப் போன ஓவியக் கல்லூரியில், படங்கள் மிகச் சிறப்பு, ஆனால் கறுப்பருக்குக் கொடுத்தால் பணம் வீண் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். பள்ளி ஆசிரியர்கள் அவரைக் கூப்பர் யூனியன் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு அனுப்பினார்கள். வரைந்தவர் முகம் தெரியாமல் வரைந்ததை மட்டும் பார்க்கும் தேர்வு அது. இடம் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 19 வயதில் ராணுவம் அழைத்தது. கறுப்பின வீரர்களைத் தனிப்படையாகப் பிரித்து வைத்திருந்த காலம். கப்பல் சரக்கு இறக்கும் பிரிவோடு 1944இல் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் கரையேறினார். நச்சுவாயு முகமூடியை வைக்கும் பைக்குள் தாளும் பென்சிலும் இருந்தன. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் உடனிருந்தவர்களை வரைந்தார். போர் முடிந்தபின் பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் படங்கள் ‘இன்ஃபினிட் ஹோப்’ நூலாக வந்தபோது (2019) அவருக்கு வயது 96.

1962இல் பதிப்பாசிரியர் ஜீன் கார்ல் அவருடைய ஓவியக்கூடத்துக்குத் தேடி வந்ததிலிருந்து நூல் பணி தொடங்குகிறது. தொடக்க கால நூல்களில் ஒன்று தாகூர் கவிதைகளுக்கு வரைந்தது (1967). பிறகு ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளின் பக்கம் திரும்பினார். ‘பியூட்டிஃபுல் பிளாக்பேர்ட்’ (2003) ஜாம்பியக் கதை: வண்ணப் பறவைகள் எல்லாம் கரும்பறவையிடம் வந்து, தங்களுக்கும் கொஞ்சம் கறுப்புப் பூசிவிடச் சொல்லிக் கேட்கின்றன. படங்கள் முழுவதும் வண்ணத்தாள் வெட்டி ஒட்டியவை; வெட்டியது அம்மாவின் தையல் கத்தரிக்கோலால்.

டார்ட்மவுத் கல்லூரியில் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தார். ஓய்வுக்குப் பின் மேய்ன் மாநிலத்தின் லிட்டில் கிரான்பெரி தீவிலேயே தங்கிவிட்டார். கரையொதுங்கும் எலும்பும் சிப்பியும் மரத்துண்டும் அவர் கையில் பொம்மலாட்டப் பொம்மைகள் ஆயின. அலை தேய்த்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி வண்ணச் சாளரங்களாகக் கோத்தார்.

ஆனாலும் அவருடைய நூல்களில் உச்சம் ‘ஃப்ரீடம் ஓவர் மீ’ (2016). 1828ஆம் ஆண்டின் பழைய சொத்துப் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. மாடு, பன்றி, பருத்தியோடு 11 அடிமைகள். பெயரும் விலையும் மட்டும். வயதுகூட இல்லை. பிரையன் ஒவ்வொருவருக்கும் வயதும், கைத்தொழிலும், பிறந்த மண்ணில் வைத்த பெயரும் கொடுத்தார். ஒவ்வொருவரையும் இரண்டு முறை பேசவிட்டார். முதல் முறை அன்றாட வேலையைச் சொல்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால், அதே முகம் தன் கனவைச் சொல்கிறது.